செடிக்குப் பெயரிடுவது வீண் வேலையா?

உலகத்துச் செடிகொடிகளையெல்லாம் மனிதன் கண்டு, எண்ணி, ஏட்டில் எழுதி முடித்துவிட்டான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. இன்றைக்கும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட செடியினங்கள் புதியனவாகக் கண்டறியப்பட்டு, முதன்முறையாக விஞ்ஞானப் பெயர் பெறுகின்றன. அவற்றுள் பிகோனியாக்களுக்குத் தனி இடம் உண்டு. பூச்செடிக் கடைகளில், பச்சையும் வெள்ளியும் சிவப்புமாக இலைமீது கோலம் போட்டாற்போலத் தொட்டியில் நிற்கும் செடியைக் கண்டிருப்பீர்கள். அதுதான் பிகோனியா. இலையழகுக்காக வளர்க்கப்படும் அத்தொட்டிச் செடிகளுக்கு மூதாதை, அஸ்ஸாம் காட்டிலிருந்து சென்று 1857-இல் பெயர் பெற்ற பிகோனியா ரெக்ஸ் என்னும் செடியாகும். இன்று பெயர் பெற்ற பிகோனியா இனங்கள் 2,000-ஐத் தாண்டிவிட்டன. பட்டியல் இன்னும் முடிந்தபாடில்லை.

இச்செய்தியை விடுதி உணவுக்கூடத்தில் சொல்லிப் பாருங்கள். "கண்டுபிடித்தால் என்ன, கண்டுபிடிக்காவிட்டால் என்ன? அந்தச் செடி அங்கேதானே நிற்கப்போகிறது?" என்பார் ஒருவர். "பெயர் வைப்பதற்கு ஓர் ஆராய்ச்சியா?" என்பார் மற்றொருவர். இக்கேள்விகளை நான் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. கேட்பவர்கள் அறிவிலார் அல்லர். என் தந்தையாரே இதைக் கேட்டிருக்கிறார். தென்காசிப் பக்கமிருந்து பிழைப்பை நாடிச் சனத்நகருக்கு வந்து, தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை ஒன்றில் உழைத்து என்னைப் படிக்கவைப்பவர் அவர். "ஏம்மா, இலையைப் பறிச்சுத் தாளிலே ஒட்டுறதுக்கா இத்தனை வருஷப் படிப்பு?" என்று அவர் கேட்கும்போது அதில் ஏளனம் இல்லை; கவலை இருக்கிறது. தாவரவியல் முதுநிலை மாணவி என்ற முறையில் அந்தக் கவலைக்கு விடை கூறக் கடமைப்பட்டவள் நான். செடியை விவரித்துப் பெயரிடுவது வீண் வேலையன்று, அது அச்செடிக்கும் நமக்கும் செய்யப்படும் முதல் நீதி என்பதே என் கட்சி.

வாதத்தைக் காற்றிலே நடத்தவேண்டாம். ஒரு செடியை எடுத்துக்கொள்வோம்.

சீன நாட்டின் தெற்கே, வியட்நாம் எல்லையை ஒட்டிக் குவாங்சி என்னும் மாநிலம் உள்ளது. அங்கே லோங்சோவு வட்டாரத்தில், சுண்ணாம்புக்கல் மலைகளின்மீது வெப்பமண்டலக் காடு அடர்ந்திருக்கிறது. அக்காட்டில் கண்ட ஒரு பிகோனியாவைப் புதிய இனம் என்று பெங் சிங்-இ, லியூ யன் முதலிய அறிஞர்கள் 2013-இல் விவரித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பிகோனியா பெராக்ஸ். பெராக்ஸ் என்றால் லத்தீனில் கொடுமை வாய்ந்தது, மூர்க்கமானது என்று பொருள். பூவைப் பார்த்து வைத்த பெயரன்று அது. இலையைப் பார்த்து வைத்தது. முதிர்ந்த இலையின் மேற்பரப்பு முழுவதும் கருமையான கூம்புகள் எழுந்து நிற்கின்றன. படத்தில் பார்த்தால் பலாக்காயின் முள்ளோ, எரிமலைக் கூட்டமோ என்று தோன்றும். வியப்பு என்னவென்றால், இளஞ்செடியின் இலையில் இக்கூம்புகள் கிடையா. இலை வழுவழுப்பாக இருக்கிறது. குழந்தையையும் கிழவரையும் தனித்தனியே கண்டவர், இருவரும் ஒரே குலத்தார் என்று சொல்லமாட்டார்.

இத்தகைய செடி சுண்ணாம்பு மலையில் ஏன் தோன்றவேண்டும்? அதை அறிய நாம் சீனம்வரை போகவேண்டியதில்லை. காலடியைப் பார்த்தால் போதும். சனத்நகரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் தரை தாண்டூர்க் கல் பாவியது. இந்நகரத்து வீடுகள் பலவற்றில் அக்கல்லைக் காணலாம். அது பழங்காலக் கடலின் அடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். தமிழகத்து அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அவ்வாறே கடல் தந்த செல்வந்தான். மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்ல அரிக்கிறது. மழை மிகுந்த வெப்ப நாடுகளில் இவ்வரிப்பு நெடுங்காலம் நடக்கும்போது, மலை குகைகளாகவும் பிளவுகளாகவும் கூர்முனைகளாகவும் உருமாறுகிறது. எவ்வளவு மழை பெய்தாலும் நீர் பிளவுகளின் வழியே இறங்கிவிடும். ஒட்டிக்கொள்ள மண் கொஞ்சமே உண்டு. அதுவும் சுண்ணாம்பு மிகுந்தது. இவ்விடத்தில் எல்லாச் செடியும் பிழைத்துவிடாது. பிழைக்கப் பழகிய செடிக்கோ வேறிடத்தில் வேலையில்லை.

ஒரு சுண்ணாம்பு மலைக்கும் அடுத்த சுண்ணாம்பு மலைக்கும் நடுவே வயலும் ஆறும் வேறு மண்ணும் கிடக்கின்றன. ஆகவே ஒவ்வொரு மலையும் நிலத்தின் நடுவே நிற்கும் ஒரு தீவாகும். பிகோனியா விதை தூசி போல் நுண்ணியதாயினும், பெரும்பாலும் தாய்ச்செடியின் அருகிலேயே விழுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இம்மலையில் உள்ளவை இம்மலையிலேயே பூத்துக் காய்த்து, அம்மலையில் உள்ளவற்றினின்றும் வேறாகிவிடுகின்றன. இதனால்தான் குவாங்சி, வியட்நாம், மலேசியா, போர்னியோ ஆகிய இடங்களில், ஒரே மலையில் மட்டும் வாழும் பிகோனியாக்களை ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொண்டே இருக்கின்றனர். அந்த மலை போனால் அந்த இனமும் போயிற்று. "செடி அங்கேதானே நிற்கப்போகிறது" என்று சொன்ன நண்பருக்கு இஃது ஒரு பாதி விடை. மறுபாதியைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், விவரித்தல் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அழகான செடியைக் கண்டோம், கைப்பேசியில் படம் பிடித்தோம், நமக்குப் பிடித்தவர் பெயரைச் சூட்டினோம் என்பதன்று. பிகோனியாவில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் ஒரே செடியில் பூக்கும். பெண்பூவில் தேன் இல்லை. ஆண்பூவின் மகரந்தக் கொத்தைப் போலவே தன் சூல்முடியை மஞ்சளாகக் காட்டி வண்டினத்தை ஏமாற்றி அழைக்கிறது. இலை நடுநரம்புக்கு இருபுறமும் ஒத்திராமல் ஒருபுறம் பெருத்திருக்கும். காய்க்குப் பெரும்பாலும் மூன்று சிறகுகள். இவை பிகோனியாவுக்குப் பொதுவான இலக்கணம். புதியது என்று சொல்பவர் பொதுவைச் சொன்னால் போதாது, சிறப்பைக் காட்டவேண்டும். இலைக்காம்பின் நீளம் முதல் மயிரின் வகை வரையில் அளக்கவேண்டும். சூலகத்தைக் குறுக்கே அறுத்து, உள்ளே எத்தனை அறை, சூல்கள் எங்கே ஒட்டியுள்ளன என்று பார்க்கவேண்டும். பெராக்ஸ் சேர்ந்த பிரிவில் அறை ஒன்றுதான். சூல்கள் சுவரில் ஒட்டியிருக்கும். பிறகு, அக்கம்பக்கத்து நாடுகளில் இதுவரை பெயர் பெற்ற உறவினங்கள் அனைத்தோடும் ஒப்பிட்டு, இஃது அவற்றுள் எதுவுமன்று என்று நாட்டவேண்டும். இறுதியாக, உலர்த்திய மாதிரி ஒன்றை உலர்தாவரகத்தில் வைத்து, "இப்பெயருக்கு உரியது இதுவே" என்று முத்திரையிட வேண்டும். நாளை எவருக்கேனும் ஐயம் எழுந்தால் அத்தாளை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இதை என் தந்தையாரிடம் விளக்கியபோது அவர் முகம் மாறிற்று. பட்டறையிலும் அதுதானே நடக்கிறது? வரைபடம் ஒன்று உண்டு. அதற்கு ஒத்த முதல் உருப்படி ஒன்று உண்டு. மற்றவற்றையெல்லாம் வெர்னியர் அளவுகோல் வைத்து அதனோடு ஒப்பிடுகிறார்கள். அளவு சிறிது பிசகினாலும் உருப்படி கழிவுக்குப் போகிறது. "அப்போ நீ பண்றதும் அளவு வேலைதான்" என்றார். அதைவிட நல்ல சான்றிதழை நான் எந்தப் பேராசிரியரிடமும் எதிர்பார்க்கவில்லை.

பெயர் மட்டும் இருந்து, விளக்கமும் மாதிரியும் இல்லாமற்போனால் என்ன ஆகும்? தமிழராகிய நாம் இதை மற்றவரைவிட நன்றாக உணரவேண்டும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களின் பெயர்களை அடுக்கிக் கூறுகிறது. மேடைதோறும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமைக்கு உரியதே. ஆயினும் அப்பெயர்களுள் சிலவற்றுக்கு உரிய செடி எது என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். ஒருவர் ஒரு மரத்தைக் காட்டுகிறார். மற்றொருவர் ஒரு கொடியைக் காட்டுகிறார். இது கபிலர் குறையன்று. பாட்டின் பணி வேறு, பதிவேட்டின் பணி வேறு. பதிவேட்டை எழுதவேண்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். நாம் பாட்டை மனப்பாடம் செய்தோம். பதிவேட்டை எழுத மறந்தோம்.

அண்டை நாட்டில் ஒருமுறை அது நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டுச் செடிகளைப் படத்துடனும் வருணனையுடனும் தொகுக்கச் செய்தார். இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியரின் அறிவு அதற்குப் பெருந்துணையாயிற்று. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூல்தான் ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ். அதில் 'சிறிய நரினம்புளி' என்ற பெயரில் ஒரு செடி இருக்கிறது. பெயரிலேயே புளிப்பைக் காண்கிறோம். பிகோனியா இலை புளிக்கும். அச்செடிதான், 1785-இல் லாமார்க் பெயரிட்ட பிகோனியா மலபாரிக்கா என்று அறிஞர்கள் இனங்கண்டுள்ளனர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் வளர்வது அது. முந்நூறு ஆண்டு கழித்தும் ஐயம் எழாமைக்குக் காரணம், பெயரோடு படமும் வருணனையும் சேர்ந்து வந்ததே.

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறியவர்களுக்குப் பொதுப்பெயரின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். நாங்கள் இங்கு வந்த புதிதில் என் அன்னையார் சனத்நகர்ச் சந்தையில் "கீரை இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் வெள்ளரிக்காயை எடுத்து நீட்டியிருக்கிறார்! இங்கே 'கீரா' என்றால் வெள்ளரி. நம் புளிச்சகீரைக்கு இங்கே கோங்கூரா என்று பெயர். சொல் வேறு, செடி ஒன்று. கீரை, கீரா என்பவற்றிலோ ஒலி ஏறக்குறைய ஒன்று, செடி வேறு. சந்தையில் இது சிரிப்போடு முடியும். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இக்குழப்பம் நேர்ந்தால் சிரிப்போடு முடியுமா? உலகுக்கெல்லாம் ஒரு பெயர் என்ற ஏற்பாட்டை 1753-இல் லின்னேயஸ் நிலைநாட்டியது இதற்காகத்தான். பிகோனியா என்ற பெயரும், பெகோன் என்ற பிரெஞ்சு அதிகாரியை நினைந்து பிளூமியே என்னும் துறவி இட்டது. லின்னேயஸ் அதை ஏற்றுக்கொண்டார்.

இனி, நான் சொல்லாமல் விட்ட மறுபாதி. பெயரிடாவிட்டால் செடி அங்கேயே நிற்குமா?

மலேசியத் தமிழர் தைப்பூசத்தன்று காவடி சுமந்து 272 படிகள் ஏறும் பத்துமலையை அறியாத தமிழர் இல்லை. தம்புசாமிப் பிள்ளை 1891-இல் முருகனுக்குக் கோயில் அமைத்த அக்குகை, ஒரு சுண்ணாம்பு மலையின் குகையே. அம்மலையில் முந்நூறுக்கு மேற்பட்ட செடியினங்கள் பதிவாகியுள்ளன. ரூத் கியூ என்ற அம்மையார் 2014-இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். தீபகற்ப மலேசியாவின் பிகோனியாக்களைப் பற்றி 2005-இல் தனி நூல் எழுதியவரும் அவரே. பத்துமலையின் ஒரு பகுதியையும் முன்பு கல்லுக்காக உடைத்ததுண்டு. என்றாலும் அதற்கு முருகனும் அடியார் கூட்டமும் துணை. பேர் அறியாத மலைகளுக்கு யார் துணை?

பகாங் மாநிலத்தில் புக்கிட் பஞ்சிங் என்றொரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. அக்குன்றில் மட்டுமே வாழ்ந்த மிகச் சிறிய நத்தை ஒன்றுக்கு 1952-இல் பெயர் வைத்தார்கள். பிறகு குன்று முழுவதும் கல்லுக்காக உடைக்கப்பட்டது. நத்தை இன்று உலகில் இல்லை. பெயர் அதைக் காப்பாற்றவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் பெயர் இருந்ததனால்தான் ஓர் உயிரினம் போய்விட்டது என்பதாவது நமக்குத் தெரிந்தது. அதே குன்றின் பிளவுகளில் பெயர் பெறாத செடியும் பூச்சியும் இருந்திருந்தால், அவை இருந்தன என்று சொல்லவும் ஆளில்லை, போயின என்று வருந்தவும் ஆளில்லை.

பேராக் மாநிலத்துக் கந்தான் குன்றில் வேறு வகையாக நடந்தது. சிமெண்டுக்காகக் கல் எடுக்கப்பட்டு வந்த அக்குன்றில் கண்ட புதிய நத்தை ஒன்றுக்கு, 2014-இல் அறிஞர் இருவர் அங்குக் கல் எடுத்துவந்த நிறுவனத்தின் பெயரையே சூட்டினர். லாபார்ஜே நத்தை! இனி அந்த இனம் வாழ்ந்தாலும் மாண்டாலும் அப்பெயரோடு சேர்த்தே பேசப்படும். மறியல் செய்யாமல், முழக்கம் இடாமல், ஒரு பெயரைக் கொண்டே உலகத்தை அக்குன்றின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். பெயரின் ஆற்றல் எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சிமெண்டு வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. சொல்லவும் கூடாது. வாடகை வீட்டில் வாழும் குடும்பத்தின் மகள் நான். வீட்டின் தேவை எனக்குத் தெரியும். என் கேள்வி ஒன்றே. எந்த மலையை வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்யும் மேசையின்மேல் அம்மலையில் வாழ்வோரின் பட்டியல் இருக்கவேண்டாமா? கல்லின் அளவு டன் கணக்கில் அந்த மேசையில் இருக்கிறது, விலையும் இருக்கிறது. அங்கு மட்டுமே வாழும் செடியின் பெயர் இல்லாவிட்டால், கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யம். பட்டா இல்லாத ஏழையின் குடிசைக்கு எந்த நிலையோ, அதே நிலைதான் பெயரில்லாத செடிக்கும். பட்டா இருந்தாலும் குடிசையை இடிக்கலாம்; ஆனால் அப்போது ஒருவர் பதில் சொல்லவேண்டி வரும்.

எதிர்க்கட்சியார் வாதம் ஒன்று உண்டு. அது வலிமையானது, மறைக்கக்கூடாது. "நீங்கள் விவரித்து எழுதுவதனால்தான் ஆபத்து வருகிறது" என்கிறார்கள். மேலே சொன்ன குவாங்சியின் எல்லைப்புறச் சுண்ணாம்பு மலைகளில் கண்ட அழகிய பல்லி ஒன்றை 1999-இல் விவரித்தார்கள். செல்லப்பிராணி வணிகர்கள் அவ்விடத்தைத் தேடிப் போய்ப் பிடித்துக் கொண்டுவந்து பெருவிலைக்கு விற்றனர். முதலில் கண்ட இடத்தில் அப்பல்லி அற்றுப்போயிற்று என்று, 2006-இல் சயின்ஸ் என்னும் புகழ்பெற்ற இதழில் எச்சரிக்கை வெளிவந்தது. அரிய பிகோனியாவுக்கும் ஆசைப்படுவோர் உலகெங்கும் உண்டு. ஒரே மலையில் சில பாறைகளில் மட்டும் நிற்கும் செடியை வேரோடு பெயர்க்க ஒருவர், ஒரு பை, ஒரு பகல் போதும்.

ஆகையால் விவரிக்காமலே விட்டுவிடலாமா? கூடாது. திருடனுக்கு அஞ்சிப் பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் இருப்பார் உண்டா? நகையைப் பூட்டி வைப்போம். பிள்ளையைப் பதிவு செய்வோம். செடியின் உருவத்தை முழுமையாக வெளியிடவேண்டும். அது நிற்கும் பாறைக்கு வழியை மட்டும் வெளியிடவேண்டியதில்லை. மாவட்டத்தையும் மலைத்தொடரையும் சொன்னால் போதும். நுட்பமான இடக்குறிப்பு உலர்தாவரகத்தின் பதிவில் இருக்கட்டும். உண்மையான ஆராய்ச்சியாளர் கேட்டுப் பெற்றுக்கொள்ளட்டும். கையில் உள்ள கைப்பேசி நாம் கேட்காமலே படத்தோடு இடத்தையும் எழுதிவிடும் காலம் இது. அரிய செடியைப் படம் எடுத்து நண்பர்க்கு அனுப்புமுன் அதை நீக்கிவிடுவதும் விஞ்ஞான ஒழுக்கமே.

"இதனால் பயன் என்ன?" என்று மீண்டும் கேட்போருக்கு ஒரு சொல். மலேயாக் காட்டின் இருளில் வாழும் மயில்நிறப் பிகோனியாவின் இலை நீலமாக மின்னும். பிகோனியாக்களின் இந்த நீல மினுக்கத்தை ஆராய்ந்த பிரிட்டன் விஞ்ஞானிகள் 2016-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இலையின் பசுங்கணிகங்களில் நுண்ணிய அடுக்குகள் ஒழுங்காக அமைந்து, காட்டின் அடியில் எஞ்சிக் கிடைக்கும் பச்சை ஒளியை நன்கு வாங்க உதவுகின்றன; மங்கிய ஒளியில் ஒளிச்சேர்க்கை 5 முதல் 10 விழுக்காடு வரை கூடுகிறது. ஒளியைச் சேமிக்க மனிதன் படாத பாடு படும் காலத்தில், ஒரு காட்டுச் செடி தன் இலைக்குள் அந்த வித்தையை வைத்திருக்கிறது. இச்செடி இன்னது, அதன் உறவு இன்னது என்று முன்னரே ஒருவர் எழுதி வைத்திராவிட்டால், இவர்கள் எதை ஆராய்ந்திருப்பார்கள்? பயன் என்பது பழம். பெயர் என்பது வித்து. வித்தைப் பார்த்துப் பழம் எங்கே என்று கேட்பது முறையன்று.

நம் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1935 முதல் 2011 வரை புதிய செடியின் விளக்கம் லத்தீனில் இருந்தாலன்றிச் செல்லாது. 2012 முதல் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். தமிழில் மட்டும் எழுதினால் செல்லாது என்பது விதி. தமிழிலும் எழுதக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். பாட நூல்களும் வெளியிட்டார். அயலார் ஒருவரால் முடிந்தது நம்மால் முடியாதா? சூலகம், சூல்முடி, இலையடிச் செதில் என்று சொற்கள் நம்மிடம் உண்டு. குறைவது சொல்லன்று, எழுதும் கை. மலையில் வாழும் மக்கள் அச்செடியை எப்படி அழைக்கிறார்கள், எதற்கு வழங்குகிறார்கள் என்பதையும் அவர்கள் இசைவோடு தமிழில் பதிவு செய்தால், இட்டி அச்சுதன் செய்த தொண்டின் தொடர்ச்சி அதுவாகும்.

வழிகாட்டிகள் நமக்கு இல்லாமல் இல்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராபினட் உலர்தாவரகத்தை 1967-இல் நிறுவிய பாதிரியார் மத்தேயு, தமிழகத்துச் சமவெளிச் செடிகளைத் தாமும் மாணவருமாக நடந்து நடந்து சேகரித்துப் பெருந்தொகுதிகளாக எழுதி வைத்துவிட்டு, 2004-இல் மறைந்தார். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் சென்னை உலர்தாவரகம் இருக்கிறது. நாம் வாழும் இந்த ஹைதராபாத்திலேயே அத்துறையின் தக்காண வட்டார மையம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருக்கிறோம்?

ஹைதராபாத்தில் சுண்ணாம்புக் காடு இல்லை. காட்டுப் பிகோனியாவைத் தேடி நாம் குவாங்சிக்குப் போகப்போவதும் இல்லை. ஆனால் நம் வளாகத்திலேயே கருங்கல் பாறைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் அவற்றின் குழிகளிலும் பிளவுகளிலும் எத்தனையோ சிறுசெடிகள் முளைத்து, பூத்து, கோடைக்குள் மறைகின்றன. அவற்றை நாள்தோறும் மிதித்துக்கொண்டே வகுப்புக்குப் போகிறோம். அவை புதிய இனங்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. அறிந்த செடியை அறிந்தபடி பதிவு செய்யக் கற்றவரே, அறியாத செடி எதிரே வந்தால் அறியாதது என்று உணர முடியும்.

ஆதலால் நம் தமிழ் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். திங்களுக்கு ஒரு ஞாயிறு, காலை இரண்டு மணி நேரம். பல்கலைக்கழகத்தின் அனுமதி பெற்று, தாவரவியல் துறை ஆசிரியர் ஒருவரின் துணையோடு வளாகத்தைச் சுற்றி நடப்போம். கண்ட செடிக்குத் தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர், உருதுப் பெயர், விஞ்ஞானப் பெயர் என நான்கையும் எழுதுவோம். தெலுங்கு நண்பர்களையும் அழைப்போம். அவர்கள் பெயரைச் சொல்லாமல் நம் ஏடு நிறையாது. பாறையில் அருகிய செடியைப் பறிக்காமல் படமும் அளவும் மட்டும் எடுப்போம். மிகுதியாக உள்ளவற்றில் ஒன்றை மட்டும் உலர்த்தித் தாளில் ஒட்டுவோம். இதற்கு ஆகும் செலவு பழைய செய்தித்தாள், அட்டை, பசை, ஒரு மர அலமாரி. ஆண்டு விழாவில் நாம் விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடைகளில் பாதியைக் குறைத்தால் போதும். பேசவரும் பெரியோர்கள் தவறாக எண்ணமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

கணிப்பொறி படிக்கும் நண்பர்கள் பட்டியலை ஒழுங்குபடுத்தலாம். வேதியியல் படிப்போர் பாறையையும் மண்ணையும் சோதிக்கலாம். தமிழ் இலக்கியம் படிப்போர் பழம்பெயர்களைத் தேடி, எது உறுதி, எது ஐயம் என்று குறித்து வைக்கலாம். ஐயத்தை ஐயம் என்றே எழுதுவதும் ஒரு தொண்டு.

முதல் நடைக்கு வருவோர் தங்கள் பெயரை மன்றச் செயலாளரிடம் கொடுங்கள். மழை தொடங்குமுன் தொடங்கிவிடவேண்டும். பாறைச் செடிகள் நமக்காகக் காத்திருக்கமாட்டா.